பிரம்பு போன பிறகு



ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஒன்றாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோரில் பலர், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆசிரியையிடம் தவறாமல் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு. "டீச்சர், கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க. நாங்க ஏன்னு கேட்க மாட்டோம்." பக்கத்தில் பங்குத்தந்தை நின்றால் அவருக்கும் அதில் ஒரு பங்கு வரும். "சாமி, நீங்களும் ரெண்டு போடுங்க. உங்களைக் கண்டாத்தான் பயப்படுவான்." ஐந்து வயது நிரம்பிய அந்தக் குழந்தை, புதுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தன்னைப் பற்றி நடக்கும் இந்த ஒப்பந்தத்தைக் கேட்டபடி நின்றுகொண்டிருக்கும்.

இப்படிச் சொல்கிற பெற்றோர் கொடியவர்கள் அல்லர். தங்களுக்குக் கிடைக்காத படிப்பு தங்கள் பிள்ளைக்காவது கிடைக்க வேண்டும் என்று ஏங்குகிறவர்கள். "இவனை உங்கள் பொறுப்பில் விட்டுவிட்டோம், உங்களை நம்புகிறோம்" என்பதைத்தான் அவர்கள் இந்த விதமாகச் சொல்கிறார்கள். நம் ஊர்களில் நம்பிக்கையின் மொழி, அடியின் மொழியாகவே இருந்து வந்திருக்கிறது. அடியாத மாடு படியாது என்றோம். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்றோம். இந்த இரண்டாவது பழமொழியில் 'அடி' என்பது இறைவனின் திருவடி என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. ஆனால் அந்த விளக்கம் வகுப்பறையில் எந்தக் குழந்தையின் முதுகையும் காப்பாற்றியதாகத் தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பது பலருக்கும் அரைகுறையாகத் தெரியும். தமிழ்நாடு கல்வி விதிகளில் 51-ஆவது விதி 2003-ஆம் ஆண்டு திருத்தப்பட்டு, மாணவரைத் திருத்துவதற்காக உடலுக்கோ மனத்துக்கோ வேதனை தருவது தடை செய்யப்பட்டது. பின்பு வந்த 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17-ஆவது பிரிவில், எந்தக் குழந்தையையும் உடல் தண்டனைக்கோ மனத் துன்புறுத்தலுக்கோ உட்படுத்தக்கூடாது என்றது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. அதைச் சொல்லி, "நம் பள்ளிக்கு அது இல்லையே ஃபாதர்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு குழந்தையைக் காயப்படுத்துவது எந்தப் பள்ளிக்குள் நடந்தாலும் குற்றவியல் சட்டத்தின்படி குற்றமே. அது ஒருபுறம் இருக்கட்டும். சிறுபான்மை உரிமை என்பது நம் குழந்தைகளை நம் நம்பிக்கைக்கு ஏற்ப வளர்க்கக் கிடைத்த உரிமை. அடிப்பதற்குக் கிடைத்த அனுமதிச்சீட்டு என்று அதை எண்ணுவது, அந்த உரிமையையே கேவலப்படுத்துவதாகும்.

2007-ஆம் ஆண்டு மத்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளில் 65 விழுக்காட்டினர் தாங்கள் உடல் தண்டனைக்கு உள்ளானதாகக் கூறினார்கள். மூவரில் இருவர். அதற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது என்பதை நாம் கண்ணாலேயே காண்கிறோம். மேசை மேல் பிரம்பு வைத்திருக்கும் தொடக்கப்பள்ளி இன்று அரிது. ஆனால் பிரம்பு போன இடத்தில் என்ன வந்து அமர்ந்தது?

"பிரம்பை வாங்கிக்கொண்டீர்கள். பதிலுக்கு எங்கள் கையில் என்ன கொடுத்தீர்கள்?" என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 60 மாணவர் வரை இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை காட்டும் கணக்கு. சிறிய கிராமப் பள்ளிகளில் ஒரே ஆசிரியை இரண்டு வகுப்புகளையோ மூன்று வகுப்புகளையோ சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் ஒன்றாம் வகுப்புக் குழந்தை பென்சில் காணோம் என்று அழும். மறுபக்கம் மூன்றாம் வகுப்புப் பையன்கள் தள்ளுமுள்ளில் இறங்குவார்கள். அதற்குள் தகவல் பதிவேற்றம் என்று கைப்பேசி ஒலிக்கும். இந்த நிலையில், தட்டவும் கூடாது, திட்டவும் கூடாது என்றால் அவர் என்னதான் செய்வார்? பலர் கத்தத் தொடங்குகிறார்கள். சிலர் 'மக்கு', 'தத்தி' என்று பெயர் வைக்கிறார்கள். சிலர் ஒன்றையுமே கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். மூன்றுமே பிரம்பின் பிள்ளைகள்தாம்.

திருச்சபையின் கல்வி மரபில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. நாம் அதைப் பெயர்ப்பலகையில் வைத்திருக்கும் அளவுக்கு வகுப்பறையில் வைத்திருக்கவில்லை.

தூரின் நகரில், 1841 டிசம்பர் 8, அமல உற்பவ அன்னையின் திருநாள். புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயத்தின் திருப்பொருள் அறையில் ஓர் ஏழை இளைஞன் வந்து நிற்கிறான். கோயில்பிள்ளை அவனைத் திருப்பலிக்குப் பூசை உதவி செய்யச் சொல்கிறார். தெரியாது என்கிறான். தெரியாதவன் ஏன் இங்கே வந்தாய் என்று கோயில்பிள்ளை கம்பை எடுத்து அடித்து விரட்டுகிறார். திருப்பலி உடை அணிந்துகொண்டிருந்த இளங்குரு, அவனை ஏன் அடிக்கிறீர்கள், அவன் என் நண்பன், திரும்பக் கூப்பிடுங்கள் என்கிறார். திருப்பலி முடிந்ததும் அவனோடு உட்கார்ந்து பேசுகிறார். படிக்கத் தெரியுமா? தெரியாது. எழுதத் தெரியுமா? தெரியாது. பாடத் தெரியுமா? தெரியாது. சீட்டி அடிக்கத் தெரியுமா? பையன் சிரித்துவிடுகிறான். அந்தக் குருதான் புனித தொன் போஸ்கோ. அவருடைய சலேசிய சபையின் பணி அந்த உரையாடலில் தொடங்கியது என்று அந்தச் சபையார் கருதுகிறார்கள். 1906-இல் தஞ்சாவூருக்கு வந்து இறங்கிய சலேசியர்கள் வழியாக அந்தப் பணி நம் மண்ணுக்கும் வந்தது.

தொன் போஸ்கோ 1877-இல் தம் கல்விமுறையை விளக்கி ஒரு சிறு கட்டுரை எழுதினார். பிள்ளைகளை நடத்துவதில் இரண்டு வழிகள் உண்டு என்கிறார். ஒன்று, சட்டத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்று, மீறுகிறவனைக் கண்டுபிடித்துத் தண்டிப்பது. மற்றது, சட்டத்தைச் சொல்லிவிட்டு அவர்கள் நடுவிலேயே இருப்பது. தவறு செய்ய வாய்ப்பே வராதபடி கூடவே இருந்து, பேசி, வழிகாட்டுவது. இரண்டாவதைத்தான் அவர் தேர்ந்தார். முன்தடுப்பு முறை என்று அதைத் தமிழில் சொல்லலாம். அறிவு, சமயம், கனிவான அன்பு ஆகிய மூன்றின் மேல் அது நிற்கிறது என்றார். பிள்ளைகள் குதிக்கட்டும், ஓடட்டும், வேண்டிய மட்டும் சத்தம் போடட்டும் என்று அவர் தாராளமாக விட்டிருந்தார் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

அதே கட்டுரையில், எந்த விதத்தில் அடிப்பதும், வலிக்கும்படி முட்டி போட வைப்பதும், காதைப் பிடித்து இழுப்பதும் அறவே தவிர்க்கப்பட வேண்டியவை என்று அவர் எழுதினார். காரணமும் சொன்னார். அவை சட்டத்துக்குப் புறம்பானவை, பிள்ளையின் மனத்தைக் கசக்கச் செய்பவை, கற்பிக்கிறவரையும் தாழ்த்திவிடுபவை. நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடந்த முட்டி போடுதலையும் காதைத் திருகுவதையும் ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு புனிதர் பட்டியல் போட்டு விலக்கியிருக்கிறார். மூன்றாவது காரணத்தை ஆசிரியர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அடி வாங்கியவன் மட்டும் அல்ல, அடித்தவரும் தாழ்கிறார்.

இவையெல்லாம் பக்தி உள்ளவர்களின் நல்லெண்ணம் என்று யாராவது சொல்லக்கூடும். அவர்களுக்காக இன்னொரு செய்தி. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளர், வகுப்பறைகளை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1970-இல் ஒரு நூல் வெளியிட்டார். மாணவன் தவறு செய்தபின் ஆசிரியர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் வித்தியாசம் இருக்கும் என்று அவர் தேடினார். கடுமையாகக் கண்டிப்பவர் வகுப்பு அமைதியாக இருக்குமா, மென்மையாகச் சொல்பவர் வகுப்பா? அங்கே குறிப்பிடத்தக்க வித்தியாசம் ஒன்றும் அகப்படவில்லை. நல்ல ஆசிரியர்களின் வேறுபாடு தவறு நடப்பதற்கு முன்பே இருந்தது. வகுப்பின் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருக்கிறது என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு அவர்கள் இழுபறி இல்லாமல் மாறினார்கள். ஒரு பிள்ளையைக் கவனிக்கும்போது மற்றவர்களைக் கைவிடவில்லை. இதைத்தான் நம் பிள்ளைகள், "எங்க டீச்சருக்கு முதுகிலயும் கண்ணு இருக்கு" என்பார்கள். தொன் போஸ்கோவின் பிள்ளைகள் வயதில் பெரியவர்கள், காலமும் வேறு. என்றாலும் இருவரும் வந்து சேர்ந்த இடம் ஏறத்தாழ ஒன்றுதான்.

வகுப்பறையில் இது எப்படி நடக்கும்?

தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒழுங்கு என்பது தெரிந்தும் மீறுகிற ஒன்று அல்ல. பெரும்பாலும் இன்னும் கற்றுக்கொள்ளாத ஒன்று. ஆறு வயதுக் குழந்தையிடம் "ஒழுங்கா இரு" என்றால், ஒழுங்கு என்றால் என்ன என்று அதற்கு எப்படித் தெரியும்? 'அ' எழுத எத்தனை முறை கையைப் பிடித்துப் பழக்குகிறோம்! அதே பொறுமை இதற்கும் வேண்டும். பையை எங்கே வைப்பது, குழாயடியில் எப்படி வரிசையில் நிற்பது, டீச்சரிடம் பேச வேண்டுமானால் என்ன செய்வது, கொடுத்த வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதை ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் செய்து காட்டி, செய்யச் சொல்லி, மறுபடியும் செய்யச் சொல்லிப் பழக்கும் ஆசிரியை, மார்ச் மாதம் வரை தொண்டையைக் காப்பாற்றிக்கொள்கிறார். விதிகள் மூன்று அல்லது நான்கு போதும். 'ஓடாதே' என்பதைவிட 'வராண்டாவில் நடந்து போவோம்' என்று சொல்வது நல்லது. ஓடாதே என்றால் குழந்தையின் மனத்தில் ஓட்டம்தான் நிற்கிறது.

சண்டையும் சச்சரவும் பாடம் நடக்கும்போது அவ்வளவாக வருவதில்லை. இடைவெளியில் வருகின்றன. காலை வழிபாடு முடிந்து வகுப்புக்குள் நுழையும் ஐந்து நிமிடம், இடைவேளை மணி அடித்துத் திரும்பும் நேரம், கடைசி அரை மணி. எல்லாவற்றையும்விட மோசமானது நோட்டுத் திருத்தும் நேரம். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இருபது முப்பது பிள்ளைகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி நிற்பார்கள். முன்னே நிற்பவனைப் பின்னே நிற்பவன் தள்ளுவான், இவள் சடையை அவன் இழுப்பான், ஒருத்தி அழுவாள். யார் தொடங்கினார்கள் என்ற விசாரணையில் பத்து நிமிடம் போய்விடும். பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க, டீச்சர் எழுந்து அவர்களிடம் போய்த் திருத்தினால் இந்த வழக்கு எதுவும் பதிவாகாது. கால் வலிக்கும் என்பது உண்மைதான். செயல்வழிக் கற்றல் 2007-இல் மாநிலம் முழுவதும் வந்தபோது, ஆசிரியர் பிள்ளைகளோடு தரையில் உட்கார வேண்டும் என்றதைப் பலர் கேலி செய்தார்கள். அந்த முறையில் குறைகள் இருந்தன. ஆனால் ஆசிரியர் பிள்ளைகள் நடுவே இருந்தார் என்ற அந்த ஒன்று, தொன் போஸ்கோ கேட்டதுதான்.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசிரியர்களின் பாதுகாவலரான புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால், 17-ஆம் நூற்றாண்டின் பிரான்சில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியபோது, தம் சகோதரர்கள் வகுப்பில் இயன்றவரை வாய் திறக்காமல் இருக்கச் சொன்னார். மரத்தால் செய்த ஒரு சிறு கருவியைச் சொடுக்கி, எழு, வாசி, நிறுத்து என்று சைகையாலேயே நடத்தினார்கள். அவர் காலத்துப் பள்ளியில் பிரம்பு முழுவதும் விலக்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிகக் கட்டுப்பாட்டோடு வைத்திருந்தார்கள். ஆனால் அமைதியைக் கத்திக் கேட்க முடியாது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். இன்று கைதட்டலோ, உயர்த்திய கையோ, ஒரு சின்ன மணியோ அந்த வேலையைச் செய்யும். டீச்சர் சத்தம் போட்டால் பிள்ளைகளின் சத்தம் அதற்கு மேலே ஏறும். இதற்கு ஆய்வு தேவையில்லை, மதியம் இரண்டு மணிக்கு எந்தப் பள்ளியின் வராண்டாவிலும் நின்று கேட்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் தவறு நடக்கும். அப்போது தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூச்சலிடாமல், பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் சொல்வது நல்லது. கண்டிப்பு தனியாக இருக்கட்டும், பாராட்டு எல்லோர் முன்னிலையிலும் இருக்கலாம். பாராட்டும்போது 'நல்ல பையன்' என்று பொதுவாகச் சொல்வதில் பயன் குறைவு. "இன்றைக்கு உன் முறை வரும்வரை கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாய்" என்றால், எதைச் செய்தோம் என்று அவனுக்குப் புரியும், நாளைக்கும் செய்வான். தண்ணீரைக் கொட்டியவன் துடைக்கட்டும். அடுத்தவன் நோட்டைக் கிழித்தவன் ஒட்டித் தரட்டும். தவறுக்கும் அதன் விளைவுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்க வேண்டும். பேசியதற்காகத் தோப்புக்கரணம் என்பதில் என்ன தொடர்பு இருக்கிறது? சேட்டை செய்தவனுக்கு விளையாட்டு பீரியடை நிறுத்துவது இன்னும் விந்தை. ஓடி ஆட வேண்டிய தேவை அவனுக்குத்தான் மற்றவர்களைவிட அதிகம்.

நம் பள்ளிகளில் இன்னும் நடக்கிற ஒரு வழக்கத்தை உடனே நிறுத்தலாம். டீச்சர் அலுவலக அறைக்குப் போகும்போது, வகுப்புத் தலைவன் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதுவான். எட்டு வயதுப் பிள்ளையின் கையில் காவல்துறையும் நீதிமன்றமும் ஒன்றாகக் கொடுக்கப்படுகின்றன. தனக்கு மிட்டாய் தந்தவன் பெயர் விடுபடும். பிடிக்காதவன் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி ஏறும். அன்று அந்த வகுப்பு கற்றுக்கொள்வது அமைதியை அல்ல.

சேட்டைக்குப் பின்னால்

பதினொரு மணிக்கு மேல் ஒரு பிள்ளை எரிச்சலும் சண்டையுமாக மாறினால், முதலில் கேட்க வேண்டியது, காலையில் என்ன சாப்பிட்டாய் என்பதுதான். 2022-இல் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024-இல் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, ஒரு கிண்ணம் உப்புமாவும் சாம்பாரும் எந்த அறிவுரையையும்விட முந்திப் பேசும்.

சொன்னதைக் கேட்க மாட்டேன் என்கிறான் என்று ஆசிரியர் குறை சொல்லும் பிள்ளைக்கு உண்மையிலேயே காது கேட்காமல் இருக்கலாம். சளியும் காதில் சீழும் நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஓயாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்ப்பவளுக்குக் கரும்பலகை தெரியாமல் இருக்கலாம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தனியாகக் காட்ட வேண்டும். எவ்வளவு முயன்றாலும் ஓர் இடத்தில் இருக்க முடியாத பிள்ளை என்றால், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் கேட்கலாம். அது அவமானம் அல்ல.

நான்காம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்க வராத பையனை நினைத்துப் பாருங்கள். வாசிக்கும் முறை அவனை நெருங்கி வர வர, அவன் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவான், பெஞ்சைத் தட்டுவான், வெளியே போ என்ற கட்டளையை எப்படியாவது வாங்கிவிடுவான். மக்கு என்று சிரிப்பதைவிடப் போக்கிரி என்று சொல்வது அவனுக்கு மேலாகத் தெரிகிறது. அவனை வெளியே நிறுத்துகிறவர், அவன் கேட்டதையே அவனுக்குக் கொடுத்து அனுப்புகிறார். அவனுக்கு வேண்டியது தினமும் பதினைந்து நிமிடம், யாரும் சிரிக்காத ஒரு மூலையில், இரண்டாம் வகுப்புப் பாடநூல்.

வீட்டில் குடியும் சண்டையுமாக இரவைக் கழித்துவிட்டு வரும் பிள்ளைகளும், தாயும் தகப்பனும் வெளியூர் வேலைக்குப் போய்விட அம்மாச்சியிடம் வளரும் பிள்ளைகளும் நம் பள்ளிகளில் எத்தனை பேர் என்று பங்குத்தந்தையர்க்குத் தெரியும். வீடு சந்திக்கப் போகும்போது பார்த்ததைப் பள்ளிக்குள் நுழைந்ததும் மறந்துவிடுகிறோம்.

கசப்பான ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. தண்டனை எல்லாப் பிள்ளைகள் மேலும் சமமாக விழுவதில்லை. கேட்க ஆள் உள்ள வீட்டுப் பிள்ளை கண்டிக்கப்படும்போது ஆசிரியரின் கை தானாகத் தணிகிறது. கூலி வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை, நரிக்குறவர் பிள்ளை, தலித் பிள்ளை என்றால் தணிவதில்லை. வகுப்பைப் பெருக்கவும், கழிப்பறைக்குத் தண்ணீர் சுமக்கவும் யாருடைய பெயர் எளிதாக வாயில் வருகிறது என்று ஒவ்வொரு பள்ளியும் ஒரு வாரம் குறித்து வைத்துப் பார்க்கலாம். நற்கருணைப் பந்தியில் சமம் என்று போதிக்கும் நம் வளாகத்தில் இது நடந்தால், அது ஒழுக்கப் பிரச்சினை மட்டும் அல்ல, விசுவாசப் பிரச்சினை.

கைமாறிய பிரம்பு

இப்போது பெற்றோர் பக்கம் வருகிறேன். பள்ளியில் அடி நின்றுவிட்டது என்று நாம் நிம்மதி அடையும்போது, "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா" என்ற ஒரு வாக்கியம் அந்தப் பிரம்பை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. ஆசிரியர் கையில் சுத்தமாக ஒன்றும் இல்லை. டைரியில் சிவப்பு மையில் இரண்டு வரி எழுதினார், அவ்வளவுதான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, எல்லோர் முன்னும் தலைகுனிந்து நின்று குறை கேட்ட தகப்பன், அன்று இரவு பெல்ட்டைக் கழற்றுகிறார். மறுநாள் அந்தப் பிள்ளை வகுப்பில் அமைதியாக இருக்கும். "பாருங்க, சொன்னதும் திருந்திட்டான்" என்பார்கள். யாரும் அவன் சட்டையைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

ஆகவே குறை சொல்ல மட்டும் பெற்றோரை அழைக்கும் பழக்கத்தை விட வேண்டும். பிள்ளை ஒன்றை நன்றாகச் செய்த நாளிலும் அந்த டைரியில் இரண்டு வரி போகட்டும். தவறைப் பேச வேண்டியிருந்தால் தனியாக, உட்கார வைத்து, இதை நாம் இருவரும் எப்படிச் சரி செய்வது என்று பேச வேண்டும். நிற்க வைத்துப் பேசிய தகப்பன் வீட்டில் பிள்ளையை நிற்க வைப்பார். அடி விழும் என்று தெரிந்த வீட்டுக்குக் குறிப்பு எழுதி அனுப்புகிற ஆசிரியருக்கு அந்த அடியில் பங்கு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விவிலியத்தைக் காட்டி என்னிடம் வாதாடும் பெற்றோர் உண்டு. பிரம்பை எடுக்காதவர் பிள்ளையை நேசிக்காதவர் என்ற பொருளில் நீதிமொழிகள் நூலின் 13-ஆம் அதிகாரம் பேசுகிறது. அங்கே வரும் 'ஷேபெட்' என்ற எபிரேயச் சொல்லுக்குக் கோல், ஆயனின் தடி, செங்கோல் என்று பல பொருள்கள் உண்டு. 23-ஆம் திருப்பாடலில் நமக்கு ஆறுதல் தருவதாகச் சொல்லப்படுவதும் அதே சொல்தான். ஆயன் அந்தக் கோலால் ஓநாயை அடிப்பான், ஆட்டை அடிப்பதில்லை என்று சிலர் விளக்கி முடித்துவிடுவார்கள். அழகான விளக்கம், ஆனால் முழு உண்மை அல்ல. அதே நீதிமொழிகள் நூலின் 23-ஆம் அதிகாரம் பிள்ளையை அடிப்பதைப் பற்றித்தான் வெளிப்படையாகப் பேசுகிறது. அது அந்தக் காலத்துத் தகப்பன்மாரின் உலகம். திருச்சபை ஒரு வசனத்தைத் தனியே பிடுங்கி வாசிப்பதில்லை. அடிமை முறையை இயல்பாக எடுத்துக்கொள்ளும் பகுதிகளும் விவிலியத்தில் உண்டு. அவற்றைக் காட்டி இன்று யாரும் அடிமை வாங்குவதில்லை. எபேசியருக்கும் கொலோசையருக்கும் எழுதப்பட்ட திருமுகங்களோ, பிள்ளைகளுக்குக் கோபமூட்டாதீர்கள், அவர்கள் மனம் தளர்ந்துபோவார்கள் என்று தந்தையரைத்தான் எச்சரிக்கின்றன. பிள்ளைகளை அதட்டி விலக்கிய சீடர்கள் மேல் இயேசு சினம் கொண்டார் என்று மாற்கு எழுதி வைத்திருக்கிறார். பிள்ளைகளைக் குறித்து அவருக்குக் கோபம் வந்ததாக எங்கும் எழுதப்படவில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. "டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்", "சாமியார் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவார்" என்று எங்களைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்குத் தன் துயரத்தைச் சொல்ல ஆள் தேடும்போது எங்களிடம் வராது. இரவு ஒன்பது மணிக்குள் தூங்கவிடுங்கள். கைப்பேசியோடு பதினொரு மணி வரை விழித்திருந்த பிள்ளையை எந்த ஆசிரியராலும் மறுநாள் உட்கார வைக்க முடியாது. பள்ளி விட்டு வந்ததும் "என்ன மார்க்?" என்று கேட்கும் முன்பு, "யார்கூட விளையாடின?" என்று கேளுங்கள்.

கல்வித்துறை அதிகாரி எட்டிப் பார்க்காத ஒரு வகுப்பும் நம்மிடம் இருக்கிறது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு. புதுநன்மைக்குத் தயாரிக்கும் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளை, சம்பளம் வாங்காமல் வந்து உதவும் நம் இளைஞர்களும் இளம்பெண்களும் நடத்துகிறார்கள். அவர்களுக்கு யாரும் பயிற்சி தரவில்லை. தாங்கள் படித்த காலத்தில் கண்டதைத்தான் அவர்கள் செய்கிறார்கள். மந்திரம் ஒப்பிக்காத பிள்ளையை முட்டி போட வைப்பது சில இடங்களில் இன்றும் நடக்கிறது. திருப்பலியில் செபிக்க முழங்காலிடுகிறோம். அதே முழங்காலைத் தண்டனைக்கும் வைத்தால், பிள்ளை எதை நினைத்துக்கொண்டு செபிக்கும்? ஜூன் மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, பள்ளி ஆசிரியர் ஒருவரும் மறைக்கல்வி ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்தால், மேலே சொன்னவற்றில் பாதியை அரை நாளில் பழகிவிடலாம்.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் முதல் கூட்டத்தில் தேர்ச்சி, சீருடை, சுவர்க் கடிகாரம் பேசி முடிந்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பள்ளியின் விதிகள் எவை? அவற்றைப் பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குகிறீர்கள்? ஒரு பிள்ளை மீறினால் படிப்படியாக என்ன செய்வீர்கள்? சண்டை போடுவதற்காக அல்ல, அதையே வீட்டிலும் செய்வதற்காக. அந்தக் கூட்டத்தை வேலை நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தால் அம்மாக்கள் மட்டுமே வருவார்கள், அவர்களிலும் பாதிப்பேர். ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் பள்ளி வராண்டாவில் வைத்தால், கூலிக்குப் போகிறவர்களும் வரலாம், அப்பாக்களும் வரலாம்.